ஆர்மேனியன் தெருச் சைக்கிள் பழங்காலத்தது அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் மலேசியாவின் பினாங்கைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக; இரண்டாம் முறை கையில் சிவப்புப் பேனாவோடு. நான் கட்டட ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை. அதனால் இந்தக் கடிதம் சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“ஜார்ஜ் டவுனின் பழங்காலச் சுவரோவியங்களை வேனில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்” என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். பழங்காலம் என்பது முதல் பிழை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது 2008-இல். அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 2012-இல், ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்ற இளைஞர் தீட்டியவைதான் எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஓவியங்கள். சுவர்கள்தாம் பழையவை. ஓவியத்தைவிடச் சுவருக்குப் பல மடங்கு வயது அதிகம். இதைச் சொல்லாவிட்டால் அங்கே நடப்பது பாதி புரியாது.

இரண்டாவது பிழை, வேன். எங்களையும் ஒரு சுற்றுலா நிறுவனத்தார் வேனில்தான் அழைத்துப் போனார்கள். ஆர்மேனியன் தெரு முனையில் இறக்கிவிட்டு, “பத்தே நிமிடம்” என்றார் வழிகாட்டி. சைக்கிள் ஓவியத்தின் முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது எட்டு நிமிடம் போயிருந்தது. மனைவி சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்க, நான் படம் எடுக்க, பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைக்க, வேனில் ஏறிவிட்டோம். ஓவியத்தைப் பார்த்தோமா என்றால் இல்லை. கைப்பேசித் திரையைத்தான் பார்த்தோம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நாங்கள் இருவர் மட்டும் நடந்தே போனோம். அங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். கடைகள் திறக்கவில்லை, தெருவில் ஆள் இல்லை. சுவரில் பொருத்தியிருப்பது நிஜமான பழைய சைக்கிள். அதில் அக்காவும் தம்பியும் ஏறியிருப்பதுபோல் பிள்ளைகளை மட்டும் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். அக்காள் கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். பின்னால் உட்கார்ந்த பொடியன் அவள் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டு வாய் திறந்து சிரிக்கிறான், பயமும் குஷியுமாக. சைக்கிளின் இரும்பிலிருந்து துரு மழைநீரோடு இறங்கிச் சுவரில் பழுப்புக் கோடு போட்டிருந்தது. அடிச்சுவரில் ஓதம் ஏறி, பூச்சு அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. விரல் வைத்தால் உதிரும். வைக்கவில்லை. ஏற்கெனவே போதுமான விரல்கள் பட்டிருக்கின்றன என்பது கைப்பிடிப் பக்கத்தில் மங்கியிருந்த நிறத்திலேயே தெரிந்தது.

பொரிவதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. கீழே கடையும் மேலே வீடுமான அந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்தவை. எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் போலவே அந்தச் சுவரும் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் இன்றைய பெயின்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, மேல்பூச்சைத் தள்ளிவிடும். தேவகோட்டையில் வீட்டுக்கு வீடு இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். டிஸ்டம்பர் அடித்து மூன்றாவது மழையில் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எதிர் உதாரணமும் பினாங்கிலேயே இருக்கிறது. லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ஸீ மாளிகைக்கு நீல நிறம் வந்தது டப்பா பெயின்டால் அல்ல. இந்தியாவிலிருந்து போன அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்த நீலம் அது. கட்டுரையாளர் “கண்ணைப் பறிக்கும் நீலம்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவுரி என்ற சொல் கட்டுரையில் வந்திருந்தால் நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதே மாளிகையைப் பற்றி இன்னொரு தவறு. ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ (2018) படத்தை “சிங்கப்பூரில் எடுத்த படம்” என்று கட்டுரை ஒரே போடாகப் போடுகிறது. கதை நடப்பது சிங்கப்பூரில். ஆனால் காதலியும் காதலனின் தாயும் எதிரெதிரே உட்கார்ந்து மாஜோங் என்ற சீன ஆட்டம் ஆடும் காட்சியை எடுத்தது இந்த நீல மாளிகையில்தான். 1992-இல் வெளிவந்த பிரெஞ்சுப் படமான ‘இந்தோசீன்’ குழுவினரும் இதே வீட்டில் படம் பிடித்திருக்கிறார்கள். அங்கே அது வியட்நாம். இதில் எனக்கு ஒரு வேடிக்கை தென்பட்டது. இந்த ஊர் திரையில் பெரும்பாலும் வேறு ஊராகவே நடித்திருக்கிறது. ‘பியாண்ட் ரங்கூன்’ (1995) படத்தில் பர்மா. சயாம் அரசவைக் கதையான ‘அன்னா அண்ட் தி கிங்’ (1999) படத்துக்குத் தாய்லாந்து அனுமதி மறுத்ததால் மலேசியாவுக்கு வந்தார்கள். பினாங்கும் அதில் சயாம் வேடம் கட்டியது. ‘லஸ்ட், காஷன்’ (2007) படத்தில் பழைய ஹாங்காங். எல்லாவற்றுக்கும் மேல், ‘இந்தியன் சம்மர்ஸ்’ (2015) என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் பினாங்கு நம் சிம்லாவாகவே நடித்துவிட்டது. தன் பெயரிலேயே, ஹொக்கியன் என்ற தன் சீனப் பேச்சிலேயே பினாங்கு நடித்த முழுநீளப் படம் 2017-இல்தான் வந்தது. நம் ஊர்களில் துணை நடிகர்கள் படும் பாடுதான் நினைவுக்கு வந்தது.

படப்பிடிப்பு இடங்களைத் தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. திரையில் பார்த்த தெருவைத் தேடினால் கிடைக்காது. பெயர்ப்பலகையையும் மின்கம்பியையும் மனத்துக்குள் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு நடை வேண்டும், நின்று பார்க்கப் பொழுது வேண்டும்.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது இரும்புக் கம்பிச் சித்திரங்கள். கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் 52 இருக்கின்றன. ஒவ்வொன்றும் அது இருக்கும் தெருவின் கதையைச் சொல்கிறது. சைக்கிள் ஓவியத்துக்கு முன்பே தொடங்கிய முயற்சி இது. கேனன் தெருவில் இருப்பது, 1867-இல் இரண்டு ரகசியச் சங்கங்கள் பத்து நாள் மோதிக்கொண்டபோது பீரங்கிக் குண்டு துளைத்த கதை. தெருவுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். லவ் லேனில் இருப்பது, பக்கத்துத் தெருப் பணக்காரர்கள் அங்கே சின்னவீடு வைத்திருந்தார்கள் என்ற ஊர்ப்பேச்சு. அந்தப் பக்கத்துத் தெரு முன்ட்ரி தெரு; பேராக்கில் உள்ள லாருட் பகுதியின் மந்திரி பெயரால் வந்தது. நம் மந்திரிதான் மலாய் வழியாக ஆங்கிலத்துக்குள் போய் முன்ட்ரி ஆகியிருக்கிறார். ஓவர்சியர் என்ற முறையில் என் ஓட்டு இந்தக் கம்பிகளுக்கே. நாலு ஆணி அடித்தால் நின்றுகொள்ளும். சுவரின் மூச்சை அடைக்காது.

அடுத்து வருவது என் சொந்த ஆதங்கம். கையில் ஓவிய வரைபடத்தோடு சூலியா தெருவில் நடக்கிற நம் ஆட்கள் நாகூர் தர்காவைக் கண்டுகொள்ளாமல் கடந்து போவதைப் பார்த்தேன். நம் நாகூர் ஆண்டவர் பெயரில் கடல் கடந்து எழுந்த தர்கா அது. சூலியா என்றாலே தமிழ் முஸ்லிம்கள். சற்றுத் தள்ளி 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில். மார்க்கெட் தெருவை அங்குள்ள தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைத்தெரு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். என் தாத்தா பினாங்குத் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எந்தக் கட்டடம் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவின் ஒரு பக்கம் போய், மறு பக்கம் திரும்பி, இரண்டு முறை நடந்தேன். மனைவி ஒரு கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, “தாத்தா கிடைத்தாரா?” என்று கேட்டாள். தமிழ் வாசகர்களுக்காகத் தமிழில் எழுதிய நான்கு பக்கக் கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இடமில்லை.

சைக்கிள் பிள்ளைகளிடம் திரும்புகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியது. வாடகை ஏறியது; தலைமுறைகளாகக் குடியிருந்த குடும்பங்கள் வெளியேறின. பிறகு யுனெஸ்கோ வந்தது, ஓவியங்கள் வந்தன, அவற்றைத் தேடி நாங்களும் வந்தோம். கடைவீடுகள் பல இப்போது விடுதிகளும் காபிக் கடைகளும். இரண்டு நாள் அந்தத் தெருக்களில் நடந்தோம். சுவர்களில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளையும் நாற்காலி மேல் எட்டிப் பிடிக்கும் பையனையும் ஜன்னல் மேற்கூரைகளைப் பற்றிக்கொண்டு தொங்கும் நீலச் சட்டைச் சிறுமியையும் பார்த்தோம். தெருவில் விளையாடிய குழந்தை என்று நான் கண்டது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு பழக்கடைக்காரரின் பேத்தி, பள்ளிச் சீருடையில், எங்களைப் பார்த்து நாக்கைத் துருத்தியது.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. மாலையில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் மூடிய நடைபாதையை அங்கே ‘அஞ்சடி’ என்கிறார்கள். ஐந்தடி அகலம் என்று பெயர்தான். மோட்டார் சைக்கிளும் மேசை நாற்காலியும் போக இரண்டடி மிஞ்சினால் அதிர்ஷ்டம். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு மாறும் படிகளைக் கவனித்து ஏறி இறங்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். அடுத்த இதழில் வெளியிட்டால் மகிழ்வேன். 47-ஆம் பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிளில் பையன் உட்கார்ந்திருக்கும் ஓவியத்தின் கீழே ‘கேனன் தெரு’ என்று அச்சாகியிருக்கிறது. அது ஆ கீ தெரு. கேனன் தெருவில் இருப்பது நாற்காலிப் பையன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர்,
தேவகோட்டை