பிராப்பர்ட்டி மாட்டுக்குத் தண்ணி காட்டியவர்களுக்கு நன்றி மடல்

பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், சேண்பாக்கம் என்று பாலாற்றங்கரை நெடுக இருக்கிற வைக்கோல்காரர்கள், கொத்தனார் மேஸ்திரிகள், பொய்கைச் சந்தைத் தரகர்கள், கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள், போலீஸ் ஸ்டேஷன் எதிரே டீக்கடை வைத்திருந்தவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

வட ஆற்காடாக இருந்த காலம் முதல் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த காலம் வரை இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் ரைட்டராகவும் (எழுத்து வேலை) பாராவாகவும் (காவல் நிற்பது) கோர்ட் டூட்டியிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிறோம். சல்யூட் அடிக்க, கவாத்து பழக, துப்பாக்கி துடைக்க எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். திருட்டு மணலோடு பிடிபட்டு வழக்குச் சொத்தாகிவிட்ட, நாங்கள் 'பிராப்பர்ட்டி' என்கிற, மாட்டுவண்டியை ஆற்றிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓட்டிவருவது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தப் பாடம் நீங்கள் நடத்தியது.

டார்ச் வெளிச்சம் பட்டதுமே வண்டிக்காரர் சீமைக்கருவேலத்துக்குள் புகுந்துவிடுவார். வண்டிக்கு நம்பரும் இல்லை, ஆர்.சி. புத்தகமும் இல்லை. நிற்பது இரண்டு மாடு, ஒரு பாரம். புதிதாக வந்த காவலர் செய்கிற முதல் தப்பு, முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பது. மூக்கு புண்ணாகுமே தவிர மாடு நகராது. பக்கவாட்டில் நின்று கயிற்றைத் தளர்வாக விட்டு, வண்டிக்காரர்கள் கொடுக்கிற அதே "ஹை, ஹை" குரலைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு பெரியது. ஸ்டேஷனில் அவிழ்த்துக் கட்டிவிட்டு, மறுபடி பூட்டும்போது இடது பக்கத்து மாடான இடத்தை மாட்டை வலத்தில் பூட்டிவிடுவார்கள். இடப்பக்கம் பழகிய மாடு வலப்பக்கம் போனால் இரண்டும் ஒன்றையொன்று நெட்டித்தள்ளும், வண்டி சாக்கடையைப் பார்த்துப் போகும். அவிழ்ப்பதற்கு முன்பே இடத்தை மாட்டின் கொம்பில் ஒரு துணியைக் கட்டிவிடச் சொன்ன பெரியவர்களுக்கு முதல் நன்றி. லாடம் ஆடுகிறதா என்று குளம்பைப் பார்க்கச் சொன்னதும் அவர்கள்தான். ஆணி தளர்ந்த லாடத்தோடு தார் ரோட்டில் நடத்தினால் மாடு நொண்டும், பழி ஸ்டேஷன் மேல் விழும்.

இன்னொன்றை நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பூட்டிய வண்டியை ஓட்டாமல் கயிற்றை விட்டுவிட்டால், மாடு தானாக நடந்து சொந்தக் கொட்டகை வாசலில் போய் நிற்கும். ஓடிப்போனவருடைய விலாசத்தைச் சம்மன் இல்லாமல் சொல்லும் சாட்சி அது. ஆனால் "மாடு அடையாளம் காட்டியது" என்று கேஸ் டைரியில் எழுத முடியுமா? "விசாரணையில் தெரியவந்தது" என்றுதான் எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் உறுதி செய்தால் அது இன்னும் பலமாக நிற்கும்.

மணலை அளக்கிற விஷயத்தில் மேஸ்திரிகளுக்குப் பட்ட கடன் அதிகம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வண்டிப் பெட்டி 6 அடி நீளம், 3 அடி அகலம், மணல் ஒன்றரை அடி உயரம் என்றால் 27 கன அடி, கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். காய்ந்த மணல் கன அடிக்குச் சுமார் 45 கிலோ, ஆக ஒன்றேகால் டன் பக்கம் வரும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லேசாக ஈரமான மணல் உப்பி நிற்கும். ஒவ்வொரு மணல்மணியையும் நீர்ப்படலம் விலக்கி வைப்பதால், நூற்றுக்கு நாலைந்து பங்கு ஈரத்திலேயே கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். காய்ந்தால் இறங்கிவிடும். விடியற்காலையில் 27 என்று மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் பத்திரம்) எழுதிய மணல், ஸ்டேஷன் மூலையில் கொட்டி ஒரு வாரம் காய்ந்த பிறகு 21, 22தான் வரும். "மீதி மணலை விற்றது யார்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் ஏட்டையாவுக்கு வியர்க்கும். வண்டியில் இருக்கும்போதே அளந்து, "ஈர மணல்" என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதச் சொன்னது சாந்துச் சட்டி தூக்கிப் பழகிய கைகள். ஈரம் தெரியாத ரைட்டர்தான் மாட்டிக்கொள்வார்.

மாட்டுக்கு அரக்கு முத்திரை வைக்க முடியாது. வெள்ளைத் துணியில் கட்டி, சொத்தைக் கோர்ட்டுக்கு அனுப்புகிற படிவம் 95-இல் எழுதி, கோர்ட்டு மேஜையில் வைக்கவும் முடியாது. எழுத்தால்தான் அதைக் கட்டிப்போட வேண்டும். "வெள்ளை நிற மாடு 2" என்று எழுதிவிட்டால், ஒரே ராத்திரியில் மூன்று வண்டி வந்து சேரும்போது எது யாருடையது? நிறம் மயிலையா (சாம்பல்) செவலையா (சிவப்பு), கூடுகொம்பா விரிகொம்பா, மயிர்ச்சுழி எங்கே, பழைய சூட்டுத்தழும்பு எந்தத் தொடையில், இதையெல்லாம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் பொய்கைத் தரகர்கள். செவ்வாய்க்கிழமை சந்தையை விட்டு வந்து பல் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். இரண்டு பல் என்றால் இரண்டு இரண்டரை வயது, எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் ஐந்தை ஒட்டி. ஜாமீன் பத்திரத்துக்கு மதிப்பும் அவர்கள் வாயால் வந்ததே. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற வித்தையை மட்டும் கடைசிவரை எங்களுக்குச் சொல்லித்தரவே இல்லை. போலீஸ் என்ற பயம் போலிருக்கிறது. இப்போது காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு வந்துவிட்டது, ரைட்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

தீனிக்கு வருவோம். நடுத்தர வண்டிமாடு ஒன்றுக்கு நாளுக்கு 7, 8 கிலோ வைக்கோல் வேண்டும். வேலூர் வெயிலில் 40 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், மே மாதத்தில் 60 வரைக்கும் குடிக்கும். குளோரின் வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் மாடு, அதிலேயே ஒரு கை தவிடு போட்டால் குடிக்கும். இந்த ஒரு கை தவிட்டை டீக்கடைப் பக்கமிருந்து நீட்டியவருக்கு எந்த ரிஜிஸ்தரிலும் வரவு வைக்கவில்லை, இங்கே வைக்கிறோம்.

அன்பு மிகுந்து மீந்த பிரியாணிச் சோற்றை அண்டாவோடு கொண்டுவந்தவர்களும் உண்டு. ஆம்பூர்ப் பக்கம் இது சகஜம். நல்ல மனசுதான், ஆனால் சோறு அதிகமாகப் போனால் மாட்டின் வயிறு புளித்துவிடும். அசை போடுவது நிற்கும், இடப்பக்கப் பசிக்குழி (விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம்) மத்தளம் மாதிரி உப்பும். அந்த நேரம் எண்ணெயோ கஷாயமோ வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து. தீனியை நிறுத்திவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்புவதே சரி. பாதி ராத்திரியில் சைக்கிளில் வந்து நின்ற கால்நடை மருத்துவ உதவியாளர்களை மறந்தால் நாங்கள் மனுஷர்கள் இல்லை.

சேவல் சண்டை வழக்கில் வருகிற பிராப்பர்ட்டி வேறு ரகம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் கேஸ் போட்டு இரண்டு சேவலைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால், குற்றம் ஸ்டேஷனுக்குள்ளேயே தொடரும். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவே சாக்குப் படுதா தொங்கவிடச் சொன்னவர்களுக்கும், விடியுமுன் கூவி ஒயர்லெஸ் சத்தத்தை அமுக்கிய சேவலைக் கூடைபோட்டு இருட்டில் வைக்கச் சொன்னவர்களுக்கும் நன்றி.

கோர்ட் காவலர்களுக்கு வழி சொன்ன குமாஸ்தாக்களை விடலாமா? உயிருள்ள சொத்தை வைத்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457 பிரிவுகளில் மனு போட்டு இடைக்காலமாக ஒப்படைக்கலாம் என்று தூண்டியவர்கள் அவர்கள். கைப்பற்றிய சொத்தைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கைகொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அவை 497, 503 ஆகிவிட்டன. போட்டோ, வீடியோ எடுப்பதும் சட்டத்திலேயே வந்துவிட்டது. மாடு கேமராவைப் பார்த்து நிற்காது என்பது மட்டும் பழையபடிதான்.

கடைசியாகக் கயிற்றுக் கடைக்காரர்களுக்கு. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். ஸ்டேஷனில் மாட்டை வாங்க வருகிறவரும் புதுக்கயிறு கொண்டுவந்துதான் பிடித்துப்போவார். ஆனால் மகஜரில் "கயிறு 2, சலங்கை 1 ஜோடி" என்று எழுதியிருந்தால் அதையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அதற்குள் பழைய கயிற்றை மாடு மென்று தின்றிருக்கும். மென்ற கயிற்றுக்குப் பதில் அதே முழத்தில், அதே முறுக்கில், அழுக்கேறின பழசாகவே தேடி எடுத்துக் கொடுத்தீர்களே, அதற்கு.

இப்படிக்கு,
பழைய வட ஆற்காடு மாவட்டத்து ரைட்டர்கள், பாராக்கள், கோர்ட் காவலர்கள்
வேலூர்