ஷிப்ட் விஷயம்

அன்பு மகனுக்கு,

கண்ணாடி மாற்றியாயிற்று, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். இதைச் சொல்ல ஒரு கடிதமா என்று கேட்பாய்.

ஞாயிறன்று வீடியோவில் பேசினோமே, குழந்தையை ஏன் அப்படிப் பிடித்திருந்தாய்? கொதிக்கும் பாத்திரத்தை இறக்குகிறவன் போல, உடம்பில் படாமல் கையை நீட்டிக்கொண்டு. பிறகு போனை மல்லாக்க வைத்துவிட்டாய். மின்விசிறி சுற்றியது, குழந்தை அழுதது, உன் சத்தம் மட்டும் வரவில்லை. மருமகள் வந்துதான் தூக்கினாள். கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறாய். மூன்று மாதமாக இதே பதில்.

குளிப்பாட்டும் வேலையை நீ எடுத்துக்கொள். ராத்திரி கொஞ்சமாவது தூங்கு.

பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். தகப்பனான பிறகு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் இறங்கிவிடுகிறதாம். தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவாம். உன் பெரியப்பா கேட்டால் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிப்பார். சிரிக்கட்டும். பிள்ளைக்கு உடம்பே இடம் விடுகிறது என்றுதான் எனக்குப் பட்டது. ஆகவே குளிப்பாட்டு.

மருமகளோடு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போனவன் நீ. நான் உன் முகத்தைப் பார்த்ததே மூன்றாம் நாள். அந்த வகையில் எனக்குப் பெருமைதான். ஆனால் இவ்வளவு படித்தவன் அப்பாவிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

இன்னொன்றும் படித்தேன். அதற்காகத்தான் இத்தனை சுற்று. பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வு தகப்பனுக்கும் வருமாம். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்: பத்தில் ஒருவருக்கு. குழந்தைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும்போது அதிகம், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு. உன் மகளுக்கு இப்போது நாலு மாதம்.

நீ நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்கு இரவு ஷிப்ட் போட்டார்கள் என்று அம்மா இன்றும் சொல்வாள். போடவில்லை. நானே கேட்டு வாங்கினேன். நீ வீறிட்டு அழுவாய், எனக்குக் கோபம்கூட வராது. ஒன்றுமே தோன்றாது. பெற்ற பிள்ளை அழும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோமே என்று பயந்து ஓடினேன். ஒரு வருடம் ஓடினேன். நீ முதலில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்து உண்டு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மருத்துவரைப் பார். மருமகளிடம் சொல்லிவிட்டுப் போ. தூங்கு. குளிப்பாட்டு.

புதன்கிழமை இரவு, அம்மா தூங்கிய பிறகு கூப்பிடுகிறேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, போனை மல்லாக்க வைக்காதே. ஷிப்ட் விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அப்பா