கிளி உருவப் பாக்குவெட்டியைப் புளி போட்டுத் தேய்த்தவன் எழுதுவது

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வீட்டு மனைகளில் மெட்டல் டிடெக்டருடன் தேடுபவர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். கிடைத்த பித்தளைச் சாமான்களைப் பளபளவென்று தேய்த்து அலமாரியில் வைக்கலாம் என்று அதில் ஒரு வரி. தயவுசெய்து வேண்டாம். நான் அப்படித்தான் கெடுத்தேன்.

காங்கயம் பக்கத்தில் எங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீடு இடிந்து, சீமைக்கருவேலமும் ஓட்டுச் சில்லும்தான் மிச்சம். போன தை மாசம் தம்பி மகன் கருவியோடு வந்தான். ஆணி, கீல், நாதாங்கி, தேய்ந்த கொழு என்று இரும்புக்கெல்லாம் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்த கருவி, சமையல்கட்டு இருந்த மூலையில் கீச்சிட்டது. ஒரு சாண் ஆழத்தில் பாக்குவெட்டி. வெட்டும் அலகு மட்டும் இரும்பு, மற்றதெல்லாம் பித்தளையில் வார்த்த கிளி. பச்சைக் களிம்புக்கு அடியில் இறகுக்கு இறகு மயிரிழைக் கோடு. ஆத்தா திண்ணையில் கால் நீட்டிப் பாக்கு வெட்டியது இதில்தானோ என்னவோ.

சும்மா இருந்தேனா? புளியும் செங்கல் தூளும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். புளி களிம்பை அரித்தது, செங்கல் கோடுகளை அரித்தது. கிளி மின்னியது, இறகு போய்விட்டது. மறுநாள் குத்துவிளக்கின் உச்சி அன்னம் திருகு மரையோடு கிடைத்தபோது மண்ணை மட்டும் மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டேன்.

சட்டத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்று பத்து ரூபாய்க்கு டீ கிடைப்பதே பெரிய விஷயம்! நூறு வருஷம் பழையது என்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது தொல்பொருள். அதை வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும்.

சொந்த மனையோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்லுங்கள். நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணல் மாதிரி, இரும்பு உருக்கிய உலையும் கல்மணிப் பட்டறையும் வெளிப்பட்ட மண்ணில், ஆசைக்குத் தோண்டும் ஒரு குழியே மண் அடுக்கைக் கலைத்துவிடும். அப்புறம் எது முந்தி, எது பிந்தி என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் கலெக்டருக்கு மனு கொடுத்தேன். 'பாக்குவெட்டிக்குமா?' என்று சிரித்துக்கொண்டே நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த நகல் கிளியோடு ஒரே டப்பாவில் இருக்கிறது.

இப்படிக்கு,
காங்கயம் வாசகர் ஒருவர்