மண்மூட்டையை இறக்கலாமா?

திருகோணமலைக் கரைக்குப் புயல் எச்சரிக்கை விடுகிறவர்களுக்கு,

2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் வருகிறது என்றீர்கள். மணிக்கு 80, 90 கிலோமீற்றர் காற்று என்றீர்கள். சொன்னதையெல்லாம் செய்தோம். திருக்கடலூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி விறாந்தையில் வைத்தாயிற்று. குசினித் தகரத்தின் மேல் நான்கு மண்மூட்டை. ஆறு றாத்தல் பாண். போதாதென்று தகரத்தை நைலோன் கயிற்றால் முருங்கையோடு சேர்த்துக் கட்டினேன். "முருங்கையை யார் பிடிப்பது?" என்று மனைவி கேட்டாள். இன்றுவரை பதில் இல்லை.

அம்மம்மா காணி உறுதியும் அடையாள அட்டைகளும் கிடந்த பையை மடியில் வைத்தபடி கதிரையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் சூறாவளியைக் கண்டவர். 2004இல் அதே திகதியில் ஆழிப்பேரலையையும் கண்டவர். மின்சாரம் போன பிறகு எல்லோரும் மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். யன்னல் இடுக்கால் காற்று வந்தால் சுடர் சாய வேண்டும். சாயவில்லை. ஒரு தடவை சாய்ந்தது; பேரன் தும்மியிருந்தான். விடிந்து பார்த்தால் விழுந்து கிடந்தது ஒரு பப்பாசி, அதுவும் போன மாதமே சரிந்தது.

"புரெவி இல்லை, புரளி" என்றார் மீன்வாடியில் ஒருவர். நானும்தான் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு ஆசிரியர் மணலில் கோடு கீறி விளக்கினார். மையம் எங்களுக்கு வடக்கே, குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியிருக்கிறது. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அதனால் மையத்துக்கு வடக்கே இருப்பவர்களைக் கடற்காற்று வந்து அறையும். தெற்கே இருந்த எங்களுக்குக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போயிருக்கிறது, தண்ணீரையும் தள்ளிக்கொண்டு. மழையோ யாழ்ப்பாணத்தை மூழ்கடித்து, சிதம்பரம் கோயிலுக்குள்ளும் போய் நின்றது. மையம் கொஞ்சம் தெற்கே இறங்கியிருந்தால் என் முருங்கையின் பலம் தெரிந்திருக்கும்.

இதை நீங்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வருவதற்கு முன் நாள் முழுக்க ஒலிபெருக்கி தெருத்தெருவாக ஓடியது. போன பிறகு ஒரு சத்தமும் இல்லை. எச்சரித்ததில் எனக்குக் குறை இல்லை. அடுத்த முறையும் எச்சரியுங்கள், பாண் வாங்குகிறேன். ஆனால் மறுநாள் காலையில் அதே ஒலிபெருக்கியை ஒரு சுற்று அனுப்புங்கள். எங்கே கரையேறியது, எங்களை ஏன் விட்டது, கடலுக்குப் போகலாமா, இவ்வளவுதான். வாடியில் அந்தப் புரளிக் கதைக்கு நான் மறுமொழி சொல்ல வேண்டியிருக்காது.

26ஆம் திகதி கழியாமல் பையைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார் அம்மம்மா. அவரை விடுங்கள். மண்மூட்டைகள் இன்னும் குசினிக்கு மேல்தான் கிடக்கின்றன. இறக்கலாமா?

இப்படிக்கு,
திருக்கடலூர்வாசி ஒருவன்