‘பெனால்டி கார்னரை வீணடித்தது’ என்று எழுதும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆடவர் ஹாக்கியில் தங்கம் வெல்லும் அணிக்கு 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் கிடைக்கும். 2023 ஹாங்சோ இறுதியாட்டத்தில் ஜப்பானை 5-1 என்று வென்றுதான் நாம் பாரிசுக்குத் தகுதி பெற்றோம். இத்தனை முக்கியமான போட்டி நடக்கும்போது, தோல்வியோ டிராவோ வந்த மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் ஒரு வரி வந்துவிடும்: ‘இந்தியா இத்தனை பெனால்டி கார்னர் வாய்ப்புகளை வீணடித்தது.’ தடுக்கும் அணி தன் கோலுக்கு அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அது தவறான எண்ணிக்கை என்று சொல்லவில்லை. அந்த எண்ணிக்கையிலிருந்து வாசகருக்கு எதுவும் விளங்குவதில்லை, பழி முழுவதும் கடைசியில் பந்தைக் கோலை நோக்கி இழுத்துச் சுழற்றிவிட்ட, அதாவது ஃபிளிக் அடித்த, ஒருவர் தலையில் விழுகிறது என்பதே என் குறை.

பெனால்டி கார்னர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒலிம்பிக் கோல் பட்டியலே சாட்சி. 2016 ரியோவில் அதிக கோல் போட்டவர் அர்ஜென்டினாவின் கோன்சாலோ பெய்லாட், 11 கோல். டோக்கியோவில் பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் ஹெண்ட்ரிக்ஸ், 14 கோல். 2024 பாரிசில் நம் ஹர்மன்பிரீத் சிங், 10 கோல். மூவருமே டிராக் ஃபிளிக் அடிப்பவர்கள். பாரிசில் மகளிர் பிரிவிலும் முதலிடம் பிடித்த நெதர்லாந்தின் யிப்பி யான்சன் ஃபிளிக் வீராங்கனைதான். பாரிசில் இந்தியா போட்ட 15 கோல்களில் 10 ஹர்மன்பிரீத்துடையவை. அவற்றில் 3 பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிப்பது), மீதி 7 பெனால்டி கார்னர். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது 30, 33-ஆம் நிமிடங்களில் வந்த இரண்டு கோல்களும் அந்த வகையே.

சரி, அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது? தாக்கும் அணியில் ஒருவர், கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்து உள்ளே தள்ளுவார். இவர்தான் இன்ஜெக்டர். ஒரு காலாவது மைதானத்துக்கு வெளியே தரையில் இருக்க வேண்டும். அவரே நேராக கோல் போட முடியாது. கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்ட பகுதிதான் ‘டி’. பந்து அதை விட்டு முழுதாக வெளியே போன பிறகே கோலை நோக்கி அடிக்கலாம். ‘டி’யின் ஆரம் 14.63 மீட்டர், கோலின் அகலம் 3.66 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 மீட்டர் குறியிலிருந்து ‘டி’யின் நடு உச்சிக்குப் பந்து ஓடவேண்டிய தூரம் ஏறத்தாழ 19 மீட்டர். கோல்கீப்பரையும் சேர்த்து 5 பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும்.

முதல் கோளாறு பெரும்பாலும் இந்த 19 மீட்டரில்தான். இன்ஜெக்டர் மட்டையால் பந்தைத் தரையோடு இழுத்துத் தள்ள வேண்டும். மணிக்கட்டு சற்று மேலே தூக்கினாலும் பந்து துள்ளும். துள்ளி வரும் பந்தைச் சுத்தமாக நிறுத்துவது உலகத் தர ஸ்டாப்பருக்கே கடினம். வேகம் குறைந்தாலும் ஆபத்துதான். கோல் கோட்டிலிருந்து ஓடிவரும் தடுப்பு வீரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து 0.2 நொடி தாமதித்தால் அவர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கூடுதலாக நெருங்கிவிடுவார். அதற்குப் பிறகு ஃபிளிக் அடிப்பவரின் பார்வையில் பாதி கோல் மறைந்துவிடும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் பந்து அந்தத் தடுப்பு வீரரின் காலில் பட்டதை மட்டுமே பார்க்கிறார்கள். தவறு நடந்த இடம் பின்கோடு.

அடுத்தவர் ஸ்டாப்பர். மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, ‘டி’க்கு வெளியே ஓரடிக்குள் பந்தைக் கொல்ல வேண்டும். பந்து முழுதாக வெளியே வராமல் கோட்டின் மேலேயே நின்றுவிட்டால், அதை வெளியே கொண்டுபோகாமல் போட்ட கோல் செல்லாது. ஃபிளிக் அடிப்பவரின் ஓட்டம் எண்ணிவைத்த அடிகள் கொண்டது. பந்து எங்கே நிற்கும் என்று நம்பித்தான் அவர் கிளம்புகிறார். அரை அடி முன்னால் நின்றுவிட்டாலும் இடதுகால் விழும் இடம் மாறும், இடுப்பு சீக்கிரமே திரும்பிவிடும், பந்து மேலேறிக் கம்பத்துக்கு மேல் போகும். பின்னால் நின்றுவிட்டால் இழுக்கும் தூரம் சுருங்கி வேகம் குறையும். ஆட்டத்துக்கு முன்பு தரைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்குக்கூட இதில் பங்கு உண்டு. ஈரம் சீராக இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு வரும், காய்ந்த திட்டு இருந்தால் அங்கே தத்தும்.

மூன்றாவதாகத்தான் ஃபிளிக். பந்தை மட்டையின் வளைவில் ஏற்றி, உடலுக்குப் பின்னாலிருந்து முன்னால் இழுத்து, இடதுகாலை ஊன்றிச் சுழற்றி விடுவது. நல்ல ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பந்தை ‘டி’க்குள் இழுத்துவந்து விடுவதால் கோலுக்கு மீதித் தூரம் ஏறத்தாழ பதின்மூன்றரை மீட்டர். அந்த வேகத்தில் அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. ஃபிளிக்குக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஓங்கி அடிக்கும் முதல் ஷாட், கோல் கோட்டைத் தாண்டும்போது 46 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோலுக்குள் பலகை அடிக்கும் சத்தம் கேட்கிறதே, அந்தப் பலகையின் உயரம் அது. அடி வரும் என்று கணித்தால் கோல்கீப்பர் படுத்துவிடலாம், ஃபிளிக் வரும் என்றால் நின்றே ஆக வேண்டும். அதனால்தான் இரண்டு பேரை அருகருகே நிறுத்திக் குழப்புவது, இடப்பக்கம் நழுவவிடுவது, கம்பத்தருகே ஒருவர் மட்டை வைத்துத் திருப்பிவிடுவது என்று பல வகைகளைப் பழகிவைக்கிறார்கள். பாரிசில் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் 36-ஆம் நிமிடத்தில் ஹர்மன்பிரீத் விட்ட பந்தை சுக்ஜீத் சிங் திசைதிருப்பிப் போட்ட கோல் இந்தக் கடைசி வகை.

இப்போது தடுக்கும் பக்கம். என்னைப் பொறுத்தவரை நம் நாளிதழ்கள் அறவே கவனிக்காத பகுதி இதுதான். நான்கு வீரர்களில் ஒருவர் முதல் ரஷர். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில் கிளம்பி ஃபிளிக் அடிப்பவரை நோக்கி நேராக ஓடுபவர். இன்னொருவர் சற்றுப் பின்னால் வந்து, நழுவவிடும் பந்தையும் திரும்பி வரும் பந்தையும் பார்த்துக்கொள்வார். மற்ற இருவர் கம்பங்களை ஒட்டி. முதல் ரஷர் குருட்டுத்தனமாக ஓடுவதில்லை. கோல்கீப்பரோடு அவருக்கு ஓர் உடன்பாடு உண்டு: ஒரு பக்கத்தை நான் என் ஓட்டத்தால் அடைக்கிறேன், மறுபக்கம் உன் பொறுப்பு. ரஷர் ஓடும் கோடு அரை மீட்டர் விலகினால் கோல்கீப்பரின் கணக்கே தப்பும். முன்கூட்டியே கிளம்பினால் நடுவர் அவரை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார், பதிலுக்கு ஆள் வர முடியாது. 4 பேரை வைத்துத் தடுக்க வேண்டியதுதான்.

பாரிசில் நமக்கு அந்த வேலையைச் செய்தவர் அமித் ரோஹிதாஸ். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆம் நிமிடத்தில் அவருடைய மட்டை பின்னால் வந்த வில் கால்னனின் முகத்தில் பட்டது. வீடியோ பார்த்துச் சிவப்பு அட்டை காட்டினார்கள். மீதி 40 நிமிடங்களுக்கும் மேல் 10 பேரோடு ஆடி, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றதை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதே. ஆனால் அந்த அட்டையின் விலை இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு போட்டித் தடையை எதிர்த்துச் செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. 16 பேர் கொண்ட அணி, அரையிறுதியில் 15 பேரோடு இறங்கியது. போனவர் வெறும் ஒரு பின்கள வீரர் இல்லை. நம் முதல் ரஷர் அவர். ஹர்மன்பிரீத்துக்கு அடுத்த ஃபிளிக் வீரரும் அவரே. எதிரணியில் நின்றவரோ ரியோவில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்து, பின்னர் ஜெர்மனிக்கு ஆடவந்த அதே பெய்லாட். 18-ஆம் நிமிடத்தில் பெனால்டி கார்னரில் கோல் போட்டார். 3-2 என்று ஆட்டம் கைநழுவியது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அந்த கோல் விழுந்திருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷோடு பழகிய ரஷர் இல்லாமல், பெய்லாட் மாதிரி ஒருவரை எதிர்கொண்டது பெரிய இழப்பு என்பதே என் உறுதியான கருத்து. மறுநாள் செய்திகளில் நாம் தவறவிட்ட பெனால்டி கார்னர் எண்ணிக்கைதான் பெரிய எழுத்தில் இருந்தது. இதைப் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் படவில்லை.

இன்னொரு விதியும் வாசகருக்குத் தெரிய வேண்டும். ஹாக்கியில் எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்டதிலிருந்து அது முடியும் வரை மாற்ற முடியாது. கடிகாரம் நிற்கும், 40 நொடிக்குள் தயாராக வேண்டும், உள்ளே இருப்பவர்களை வைத்துத்தான் எல்லாம். அந்த நேரம் ஃபிளிக் வீரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டோக்கியோவில் ஹர்மன்பிரீத்தோடு ரூபிந்தர் பால் சிங்கும் இருந்தார், ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் களத்தில் இருக்க வழியிருந்தது. பாரிசில் பயணம் செய்த இன்னொரு ஃபிளிக் வீரரான ஜுக்ராஜ் சிங் மாற்று வீரர் பட்டியலில்தான் இருந்தார். எனவே ‘ஏன் நேராக அடிக்காமல் சுற்றிவளைத்தார்கள்’ என்று கேட்கும் முன், யார் உள்ளே இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் வருகிறேன். முதல் ஷாட்டின்போது 5 மீட்டருக்குள் இருக்கும் தடுப்பு வீரருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மீண்டும் ஒரு பெனால்டி கார்னர். இயல்பாக நிற்கும் நிலையில் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஷாட் ஆபத்தானது என்று கருதி, தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். பந்தை மட்டையால் ஆட முயலாமல் உடம்பைக் குறுக்கே கொண்டுவந்தால் அது தடுப்பவரின் ஃபவுல். ஆக, ரஷர் காலில் தொடர்ந்து மூன்று முறை பட்டால் கணக்கில் 4 பெனால்டி கார்னர் ஏறும். களத்தில் நடந்ததோ ஒரே தாக்குதல். அதில் நான்காவது கோலானால் ‘நான்கில் மூன்று வீண்’ என்று எழுதுவது நியாயமா? அங்கே ஃபிளிக் வீரர் வாய்ப்பை இழக்கவே இல்லை, எதிரணியின் ரஷர்தான் அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

அதனால் தங்கள் விளையாட்டுப் பகுதிக்கு ஒரு கோரிக்கை. நகோயாவில் இந்தியா ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஸ்கோருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை போடுங்கள். நிமிடம், பந்து தள்ளியவர், நிறுத்தியவர், நேர் ஃபிளிக்கா வேறு வகையா, முடிவு. முடிவில் ‘வீண்’ என்ற சொல் வேண்டாம். நிறுத்துவதில் தவறியது, ரஷர் தடுத்தது, கோல்கீப்பர் தடுத்தது, கம்பத்தருகே தடுத்தது, வெளியே போனது, மறு பெனால்டி கார்னர், கோல் என்று பிரித்துக் காட்டினால் போதும். எதிரணிக்குக் கிடைத்தவற்றுக்கும் அதேபோல, நம் முதல் ரஷர் யார் என்பதோடு. மறுஒளிபரப்பைப் பார்த்து ஒருவர் அரை மணி நேரத்தில் குறித்துவிடலாம். இட நெருக்கடி என்றால் வீரர்களின் பேட்டிப் படம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்க ஆள் இருக்கிறார்களா என்ற ஐயம் வேண்டாம். 2025 ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்தினோம். வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிய இந்திய அணி கடைசிக் கால்பகுதியில் 4 கோல் போட்டதைத் தமிழ்நாடு பார்த்தது. கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கி மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் பலர் மண் தரையில் கற்றுக்கொண்டு, பிறகுதான் செயற்கைப் புல்லுக்கு வருகிறார்கள். மண்ணில் பந்து தத்துவதால் டிராக் ஃபிளிக் பழகுவது கடினம், நிறுத்துவதும் வேறு மாதிரி. எல்லாப் பிள்ளைகளும் ஹர்மன்பிரீத் ஆக ஆசைப்படுகிறார்கள், இன்ஜெக்டராகவோ ரஷராகவோ ஆக யாரும் கேட்டு வருவதில்லை. அந்த வேலைகளைச் செய்பவர்களின் பெயர் நாளிதழில் வருவதே இல்லை என்பது ஒரு முக்கியமான காரணம். செப்டம்பரில் முதல் ஆட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி