பத்திர வரைவில் எல்லைகள் திசைமாறி வருவது பற்றிய புகார்

அனுப்புநர்: பத்திர எழுத்தர் (உங்கள் ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கிரயப் பத்திர வரைவில் நான்கெல்லை தவறாக வருவது, வேற்றுமை உருபு பிழையாக ஒட்டுவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் மென்பொருளை 8 மாதமாகப் பயன்படுத்துகிறேன். பெயர், சர்வே எண், விலை, எல்லை எல்லாவற்றையும் படிவத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டால் பத்திர வரைவு தானாக வந்துவிடும் என்றீர்கள். வருகிறது. ஆனால் அதை நம்பி முத்திரைத்தாளில் அச்சடிக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு புன்செய் நிலம். அதற்கு வடக்கே வாய்க்கால். படிவத்தில் 'வடக்கு' என்ற கட்டத்தில் 'வாய்க்கால்' என்று ஏற்றினேன். வரைவில் 'வாய்க்கால்க்கு வடக்கு' என்று வந்தது. வழக்கம்போல உருபை மட்டும் 'வாய்க்காலுக்கு' என்று திருத்தி, வெள்ளைத்தாளில் எடுத்து, எழுதிக் கொடுப்பவருக்கு, அதாவது நிலத்தை விற்பவருக்கு, வாசித்துக் காட்டினேன். அந்தப் பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார். "தம்பி, வாய்க்காலுக்கு வடக்க இருக்கிறது நம்ம நிலம் இல்லையே."

அவர் சொன்னது சரி. பத்திர நடையில் 'வாய்க்காலுக்கு வடக்கு' என்றால், விற்கும் நிலம் வாய்க்காலின் வடபுறம் இருக்கிறது என்று பொருள். 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்று வந்திருக்க வேண்டும். மற்ற மூன்று எல்லையும் அப்படியே தலைகீழ். சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரிக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. உங்கள் வரைவு அடுத்தவர் நிலத்தை அடையாளம் காட்டுகிறது.

அன்றிரவே பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஒரு பத்திரம் இதே தவறோடு பதிவாகியே போயிருக்கிறது. பிழைத்திருத்தல் பத்திரத்தை என் செலவில் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் இரு தரப்பும் வேலையை விட்டுவிட்டு மறுபடி சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும். வாங்கியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவே சங்கடமாக இருந்தது.

நான் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். என் கண் முழுக்க உருபைத் திருத்துவதிலேயே இருந்தது. 'வீடுக்கு', 'தோட்டம்க்கு', 'ஆறுக்கு' என்றுதான் உங்கள் வரைவு எழுதுகிறது. வீட்டுக்கு, தோட்டத்துக்கு, ஆற்றுக்கு என்று சொல்லே மாறும் என்பது தமிழ் படித்த யாருக்கும் தெரியும். இதைத் தொலைபேசியில் சொன்னபோது, பெயர்க் கட்டத்திலேயே 'ஆறுமுகம்' என்பதற்குப் பதில் 'ஆறுமுகத்து' என்று அடித்துவிடச் சொன்னார்கள். அடித்தேன். 'ஆறுமுகத்துக்கு' சரியாக வந்தது, அப்புறம் கையெழுத்துப் போடும் இடத்திலும் 'ஆறுமுகத்து' என்றே வந்து நின்றது. ஒரு வார்ப்புருவுக்காக ஒரு மனிதரின் பெயரை மாற்றி ஏற்றச் சொல்வது என்ன தீர்வு?

இதுபோக, கட்டத்தைக் காலியாக விட்டால் முந்தைய பதிவின் கதவு எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலியாக இருந்தால் எச்சரித்து நிறுத்த வேண்டும்.

எல்லைக்கு நீங்கள் பெரிய இலக்கணமெல்லாம் எழுத வேண்டாம். 'வடக்கில்: வாய்க்கால், தெற்கில்: வண்டிப்பாதை' என்று ஏற்றியதை அப்படியே போடுங்கள். அப்படி எழுதிய பத்திரங்களும் உண்டு. உருபும் வேண்டாம், திசையும் மாறாது. பெயருக்கு மட்டும், உருபேற்ற வடிவத்தை நாங்களே அடிக்க இன்னொரு கட்டம் கொடுங்கள்.

மூன்று வரைவுகளைப் பெயர்களை மறைத்து இணைத்துள்ளேன். 15 நாளுக்குள் சரிசெய்யுங்கள். முடியாதென்றால் மீதமுள்ள மாதங்களின் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு ஆகும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் 15 நாள் காத்திருக்காதீர்கள். இதே மென்பொருளை வைத்திருக்கும் மற்ற எழுத்தர்கள் எல்லோருக்கும், பதிவான பத்திரங்களில் நான்கெல்லையைச் சரிபார்க்கும்படி இன்றே தகவல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர்