நயாகராவும் நவகிரக வேனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, அமெரிக்கா போனா மூணே நாள்ல என்னென்ன இடம் பாத்துட்டு வரலாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் ஜோரா இருந்துச்சு. ஆனா அத எழுதினவரு அறுபத்தாறு வயசுல, முட்டி வலியோட, சுகர் மாத்திரை டப்பாவ மடில வெச்சிக்கிட்டு அந்த டூர் பஸ்ல போயிருக்க மாட்டாருன்னு முதல் பாராலயே தெரிஞ்சி போச்சு. நான் போயிருக்கேன், அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் வெட்டாம போடுங்க.

எனக்கு ஊரு ஆடுதுறை. சனி ஞாயிறானா எங்க கடைத்தெருவுல நவகிரக வேன் வந்து நின்னுக்கிட்டே இருக்கும், சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் பக்கத்துலயே இருக்கறதால. விடியக்காலம் திங்களூர்ல ஆரம்பிச்சா ராத்திரி திருநள்ளாறுக்குள்ள ஒம்பதையும் முடிச்சாகணும், அதனால வேன் கதவு தொறக்கறப்பவே டிரைவர் "பதினஞ்சே நிமிஷம், அர்ச்சனைக்கெல்லாம் நிக்காதீங்க, தீபாராதனை பாத்துட்டு ஓடியாந்துடுங்க"ம்பாரு. ஒரு தடவை டீக்கடைல ஒரு அம்மா, பாவம் வேர்த்து விறுவிறுத்துப் போயி, "ஏங்க, இப்ப நாங்க பாத்துட்டு வந்தது சூரியனா சுக்கிரனா"ன்னு எங்கிட்டயே கேட்டாங்க. நான் சிரிச்சுட்டேன். அந்தப் பாவம் 2023-ல அமெரிக்கால போய் தீந்துச்சு.

பையன் நியூஜெர்சில இருக்கான். ஆகஸ்ட் கடைசில அவனுக்கு லீவு கெடைக்கல, சும்மா வீட்ல ஒக்காந்திருக்கீங்களேன்னு எங்க ரெண்டு பேரையும் ஒரு பஸ் டூர்ல ஏத்தி விட்டுட்டான். மூணு நாள், வாஷிங்டன், கார்னிங்ல கண்ணாடி மியூசியம், நயாகரா, திரும்பி வீடு. கம்பெனி பேரு வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான் நடத்தறாங்கன்னு அங்க உள்ள நம்ம ஜனங்களே சொன்னாங்க. நோட்டீஸ்ல போட்டிருந்த ரேட்டு கம்மிதான், ஆனா தலைக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு டிப்ஸ கவர்ல போட்டு குடுத்தே ஆகணும்னு ரெண்டாவது நாள் மைக்ல சொல்றாங்க, அப்ப பஸ்ஸ விட்டு எறங்கவா முடியும்?

வாஷிங்டன்ல லிங்கன் மண்டபத்துக்கு இருவத்தஞ்சு நிமிஷம், அதுல பாத்ரூம் க்யூ பத்து நிமிஷம். படியப் பாத்ததும் எங்க வீட்டம்மா "நீங்க போயிட்டு வாங்க, நான் கும்புட்டுக்கறேன்"னு கீழயே ஒக்காந்துட்டாங்க. வெள்ளை மாளிகை கம்பி வேலிக்கு வெளிய பத்து நிமிஷம், எல்லாரும் செல்ஃபி எடுத்து முடிக்கறதுக்குள்ள கைடு கொடிய தூக்கிட்டாரு. அப்பறம் விமான மியூசியத்துல ஒண்ணரை மணி நேரம். ஸ்மித்சோனியன்ங்கற நிறுவனம் வாஷிங்டன்ல நடத்தற மியூசியம் எதுக்கும் டிக்கெட் காசு கெடையாதுங்கறது நல்ல விஷயம், அத உங்க கட்டுரைல போடல.

இதுல என்ன கொடுமைன்னா, அந்த விமான மியூசியத்துலேந்து நம்ம நடைக்கே பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஃப்ரீயர் கேலரின்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஸ்மித்சோனியன்தான், அதுவும் இலவசம்தான். சோழ ராணி செம்பியன் மாதேவியோட உருவம்னு சொல்ற பத்தாம் நூத்தாண்டு செப்புத் திருமேனி அவங்க சேகரிப்புலதான் இருக்கு, 1929-ல அவங்க வாங்கினது. செம்பியன் மாதேவின்னா யாரோ இல்ல, எங்க ஊர் ஆபத்சகாயேஸ்வரர் கோயில கருங்கல்லுல கட்டினவங்க, புருஷன் கண்டராதித்தர் நெனவா கோனேரிராஜபுரம் கோயிலயும் கட்டினவங்க. நான் தெனம் சாயந்திரம் ஒக்காந்து காத்து வாங்கற கல்லு அவங்க போட்ட கல்லு. அவங்க இருந்த இடத்துக்கு நாலு தெரு தள்ளி நான் ஒண்ணரை மணி நேரம் ராக்கெட்ட அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இது எப்ப தெரியும்? ஊருக்கு வந்து மூணு மாசம் கழிச்சு, கோயில் மண்டபத்துல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் "அமெரிக்கா போனியே, நம்ம ராணிய பாத்தியா"ன்னு கேட்டப்ப. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல.

கண்ணாடி மியூசியம் நல்லாத்தான் இருந்துச்சு, ஊதி ஊதி பூஜாடி செஞ்சு காட்டுனாங்க, அவ்ளோதான்.

நயாகராவுக்கு வருவோம். போய் சேந்த அன்னிக்கு ராத்திரி கலர் லைட்டுல அரை மணி நேரம் காட்டிட்டு ஓட்டலுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. மறுநாள் காலைல படகு, நீலக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் கோட்டு குடுத்து கிட்டக்க கொண்டு போறாங்க, சாரல் இல்ல அது, அடைமழை. அது சத்தியமா காசுக்கு தகும். அதுக்கப்பறம் அடுத்து ஒரு பழைய கோட்டை, எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்கன்னாரு கைடு. எங்க வீட்டம்மா "ஏங்க, நான் இந்த தண்ணிய விட்டு வரல"ன்னு ஒரே புடியா சொல்லிட்டாங்க. கைடு மொதல்ல ஒத்துக்கல, அப்பறம் பொறுப்பு எங்களுதுன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு, திரும்பற வழில ஏத்திக்கறேன்னு விட்டுட்டு போனாரு. கோட் ஐலண்டுன்னு ஒரு தீவு, அருவிக்கு நடுவுல இருக்கு, அங்க கம்பிகிட்டயே பெஞ்சு. டப்பால தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். மூணு மணி நேரம் ஒக்காந்திருந்தோம். அந்த மூணு நாள்ல நாங்க பாத்ததுன்னு சொன்னா அந்த மூணு மணி நேரம்தான், மத்ததெல்லாம் போட்டோல இருக்கு.

ஒக்காந்த கொஞ்ச நேரத்துல ஊர்லேந்து போன். அங்க காலைல பத்து மணி, இங்க ராத்திரி ஏழரை. எங்க நெலத்த குத்தகைக்கு பாக்கற தம்பி. குறுவை கதிர் வர்ற நேரம், வாய்க்கால்ல தண்ணி ஏறல, முறை வெச்சு விடறாங்க, மோட்டார் இருக்கறவன் பொழச்சான், என்ன பண்ணட்டும்ங்கறான். அந்த வருஷம் நெனவிருக்கும், ஜூன் 12-ல மேட்டூர தொறந்து அக்டோபர் 10-ல மூடிட்டாங்க. அவன் பேசறது எனக்கு கேக்கல, அருவி சத்தம். "என்னண்ணே அங்க மழையா"ங்கறான். நான் என்னத்த சொல்றது.

பையனுக்கு போன் போட்டு இது எவ்ளோ கனஅடி இருக்கும்டான்னு கேட்டேன், டெல்டாக்காரன் தண்ணியப் பாத்தா வேற என்ன கேப்பான். அவன் தேடிப் பாத்து சொன்னான். அமெரிக்காவும் கனடாவும் 1950-ல ஒப்பந்தம் போட்டிருக்காங்களாம், ஏப்ரல்லேந்து அக்டோபர் வரைக்கும் பகல் நேரத்துல குறைஞ்சது வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி அருவில விழணும், ராத்திரிலயும் குளிர்காலத்துலயும் ஐம்பதாயிரம் போதும், மிச்சத்த மேலயே திருப்பி சுரங்கத்துல விட்டு ரெண்டு நாடும் கரண்டு எடுத்துக்கும். எதுக்கு பகல்ல ஒரு லட்சம்? பயிருக்கு இல்ல, குடிக்க இல்ல, பாக்க வர்றவங்க கண்ணுக்கு நல்லாருக்கணும்னு! ராத்திரி கூட்டம் கலைஞ்சதும் மேல மதகு போட்டு கொறைச்சிடறாங்க.

நான் டூர் நோட்டீஸ் பின்பக்கத்துல கணக்கு போட்டேன். வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க விழுந்தா 8.64 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி. மேட்டூர் மொத்த கொள்ளளவு 93.47, அப்ப காலி அணை பதினோரு நாள்ல ரொம்பிடும். 2018-ல சுப்ரீம் கோர்ட் கர்நாடகாகிட்ட, காவிரில நமக்கு வருஷத்துக்கு குடுன்னு சொன்ன 177.25 டிஎம்சி, அது அந்த அருவிக்கு இருவத்தோரு நாளைக்கு கூட காணாது. எங்க வீட்டம்மாகிட்ட படிச்சி காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "அழகுக்கு இவ்ளோ விடறாங்களே, ஒரு மதக நம்ம பக்கம் தொறந்து விட்டா என்னவாம்"னாங்க. பக்கத்து பெஞ்சு வெள்ளைக்காரம்மா எங்களப் பாத்து ஏன் சிரிக்கறோம்னு தெரியாம அவங்களும் சிரிச்சாங்க.

இன்னொண்ணும் பையன் சொன்னான், 1969-ல அமெரிக்கா பக்கத்து அருவிய மட்டும் மேல கரை போட்டு மறிச்சு ஜூன்லேந்து நவம்பர் வரைக்கும் காய வெச்சாங்களாம், பாறைய ஆராய்ச்சி பண்ண. அந்த காஞ்ச பாறைய பாக்கவும் கூட்டம் வந்துச்சாம். காஞ்ச ஆறு பாக்கணும்னா எங்க ஊருக்கு வாங்கய்யா, டிக்கெட்டே கெடையாது.

நியூயார்க்ல சுதந்திர தேவி சிலைய பையன் ஞாயித்துக்கிழமை காட்டினான். சிலை இருக்கற தீவுக்கே போகணும்னா டிக்கெட், ஏர்போர்ட் மாதிரி செக்கிங், வெயில்ல நிக்கணும். நாங்க ஸ்டேட்டன் ஐலண்டு ஃபெர்ரில போனோம், ஆபீஸ் போற ஜனங்க போற படகு, இலவசம், சிலைய நல்லா தள்ளி நின்னு பாத்துக்கலாம், வயசானவங்களுக்கு அதுவே போதும். அந்த சிலை செம்பு, 1886-ல தொறந்தப்ப நம்ம புது செம்பு குடம் மாதிரி இருந்துதாம், இப்ப பச்சையா இருக்கறது களிம்பு. எங்க வீட்டம்மா "கும்பகோணத்துல இருந்திருந்தா புளி போட்டு தேச்சிருப்பாங்க"ன்னாங்க. தேக்கக் கூடாதாம், அந்த களிம்புதான் உள்ள இருக்கற செம்ப காப்பாத்துதாம்.

எங்க தெருக்காரர் ஒருத்தர் லாஸ்வேகாஸ்லேந்து ஒரே நாள்ல கிராண்ட் கேன்யன் போயிட்டு வந்தாரு. கண்ணாடி பாலத்துல நடந்தேன்னு பெருமையா சொல்வாரு. அது வெஸ்ட் ரிம், வாலாப்பாய்ங்கற பழங்குடி மக்களோட நெலம், நேஷனல் பார்க் அது இல்ல. அந்த பார்க்கோட சவுத் ரிம்முக்கு வேகாஸ்லேந்து நாலரை மணி நேரம் போகணும், அங்க ஒரு ராத்திரி தங்கினாதான் ஆச்சு. இதெல்லாம் ஏத்தி விடறப்ப எவனும் சொல்றதில்ல, நீங்களாச்சும் போட்டிருக்கலாம்.

அதனால ஆசிரியர் அய்யா, அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடறப்ப எத்தனை இடம்னு போடாம எத்தனை படி, எங்க பெஞ்சு, பாத்ரூம் எவ்ளோ தூரம், பஸ்ஸ விட்டு எறங்கினப்பறம் எவ்ளோ நேரம் கையில இருக்கும், இதப் போடுங்க. அங்க இருக்கற பசங்களும் அப்பா அம்மாவ ஏத்தி விடறதுக்கு முன்னால இத கேளுங்க. நாங்க திரும்பி போறப்ப வாஷிங்டன் மட்டும்தான்னு பையன்கிட்ட சொல்லிட்டேன், ஒரு நாள் பூரா, ராணிய பாக்காம வர்றதில்ல.

இப்பல்லாம் வேன்ல வர்றவங்க டீக்கடைல எந்த கிரகம்னு கேட்டா நான் சிரிக்கறதில்ல. "சூரியன்ம்மா, மறுபடி போயி ஒரு சுத்து நிதானமா சுத்திட்டு வாங்க, டிரைவர்கிட்ட நான் பேசிக்கறேன்"ங்கறேன். டிரைவருங்கதான் என்னய கண்டா இப்ப வேன வேற கடைல நிறுத்தறாங்க.

இப்படிக்கு,
ஆடுதுறை வாசகர்